முடிவெடுப்பவர் யார் என்று தெரியாத கூட்டம்

கேள்வி: நடுத்தர அளவிலான ஓர் உற்பத்தி நிறுவனத்தில் செயல்பாட்டு மேலாளராகப் பணிபுரிகிறேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை பத்து மணிக்கு நடக்கும் வாராந்தர ஆய்வுக் கூட்டத்தை நான்தான் நடத்துகிறேன். உற்பத்தி, கொள்முதல், விற்பனை, கணக்கு, தரக் கட்டுப்பாடு, மனிதவளம் ஆகிய பிரிவுகளிலிருந்து 14 பேர் வருகிறார்கள். ஒரு மணி நேரம் என்று அறிவித்தாலும் கூட்டம் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவதில்லை. முடிவு செய்த விஷயமே அடுத்த வாரம் மறுபடியும் பேச்சுக்கு வருகிறது. இரண்டு மூன்று பேர் மட்டுமே பேசுகிறார்கள். இளையவர்கள் வாய் திறப்பதில்லை. நிர்வாக இயக்குநர் பாதியில் உள்ளே வந்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். நிகழ்ச்சி நிரலை முந்தைய நாளே அனுப்புகிறேன். ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்தும் பார்த்துவிட்டேன். பயனில்லை. நின்றுகொண்டே கூட்டம் நடத்தினால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். கூட்டத்தையே நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் மின்னஞ்சலில் முடிக்கலாம் என்கிறார் இன்னொருவர். இரண்டில் எதைச் செய்வது? கடைசியாக அனுப்பிய நிகழ்ச்சி நிரலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தில் சொல்லப்பட்ட குறைகளில் கூட்டம் நீள்வதுதான் உங்களை அதிகம் வருத்துகிறது என்று தெரிகிறது. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, முடிவு செய்த விஷயம் அடுத்த வாரமே திரும்பி வருகிறது என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான். நேரம் நீள்வது அதன் விளைவு. ஒரு விஷயம் முடிந்துவிட்டது என்று அறையில் இருப்பவர்கள் நம்பாத வரை, அதை விட்டு எழுந்திருக்க யாருக்கும் மனம் வராது. எனவே கடிகாரத்தைக் கொண்டு இந்தச் சிக்கலைத் தீர்க்க முயன்றது பலிக்காமல் போனதில் வியப்பில்லை.

நீங்கள் இணைத்திருந்த நிகழ்ச்சி நிரலில் ஏழு தலைப்புகள் இருக்கின்றன: உற்பத்தி நிலவரம், கொள்முதல், விற்பனை, வாடிக்கையாளர் புகார்கள், நிலுவைத் தொகைகள், ஆள் சேர்ப்பு, பிற. இவற்றுள் ஒன்றுகூடக் கேள்வி அல்ல. ‘கொள்முதல்’ என்று மட்டும் எழுதியிருந்தால், கொள்முதல் மேலாளர் கடந்த வாரம் நடந்ததை விவரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வார். கணக்குப் பிரிவினர் விலை உயர்வைப் பற்றிக் கேட்கலாம் என்று நினைப்பார்கள். உற்பத்திப் பிரிவினர் தாமதமாக வந்த சரக்கைப் பற்றிப் புகார் சொல்லத் தயாராக வருவார்கள். மூன்று பேரும் மூன்று வெவ்வேறு கூட்டங்களுக்கு வந்திருக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும். அதே வரியை, “முக்கிய மூலப்பொருளுக்கு அடுத்த காலாண்டிலிருந்து இரண்டாவது வழங்குநரைச் சேர்ப்பதா, அல்லது இப்போதுள்ளவரிடமே விநியோகக் கால உறுதி கேட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா?” என்று எழுதிப் பாருங்கள். இப்போது எதைப் படித்துவிட்டு வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பேச்சு எப்போது முடிந்தது என்பதும் தெரியும், ஏனெனில் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. எந்தத் தலைப்பை இப்படிக் கேள்வியாக மாற்ற முடியவில்லையோ, அதைப் பற்றிக் கூடிப் பேச இந்த வாரம் எதுவுமில்லை என்று பொருள். உங்கள் பட்டியலில் ‘பிற’ என்பதை உடனே நீக்கிவிடுங்கள். முன்கூட்டிச் சொல்லத் துணியாத விஷயங்கள்தான் பெரும்பாலும் அந்தத் தலைப்பின் கீழ் ஒளிந்துகொள்கின்றன, அதுவும் எல்லோரும் களைத்துப்போன நேரத்தில்.

கேள்வியை எழுதிய பிறகு, அதன் பக்கத்தில் ஒரு பெயரை எழுத வேண்டும். என் அனுபவத்தில் இதைத்தான் பெரும்பாலானவர்கள் தவிர்க்கிறார்கள். அது விஷயத்தை அறிமுகப்படுத்திப் பேசுபவரின் பெயர் அல்ல. எல்லோருடைய கருத்தையும் கேட்ட பின்னர் “இப்படித்தான் செய்யப்போகிறோம்” என்று சொல்லும் அதிகாரம் பெற்றவரின் பெயர். 14 பேர் கூடிய அறையில், ஒரு விஷயத்தை முடிவு செய்வது பெரும்பான்மையா, அனைவரின் ஒப்புதலா, துறைத் தலைவரா, நிர்வாக இயக்குநரா என்பது சொல்லப்படாமலே இருந்தால், ஒவ்வொருவரும் தமக்குச் சாதகமான விதியை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவார்கள். தம் கருத்து ஏற்கப்படாதவர், முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்று கருதமாட்டார். தாம் ஒப்புக்கொள்ளாததால் விஷயம் இன்னும் நிலுவையில் இருக்கிறது என்றே கருதுவார். அடுத்த திங்களன்று அவர் அதை மறுபடியும் எழுப்புவது பிடிவாதத்தால் அல்ல. அவரைப் பொறுத்தவரை அது முடியவே இல்லை.

பெயரை எழுதும்போது சில இடங்களில் உங்களுக்குத் தயக்கம் வரும். அந்தத் தயக்கமே பயனுள்ளது. இரண்டு துறைகளுக்கு நடுவில் கிடக்கும் விஷயங்களில், எடுத்துக்காட்டாக, வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சரக்கின் இழப்பை எந்தத் துறையின் கணக்கில் சேர்ப்பது என்பது போன்றவற்றில், யார் பெயரை எழுதினாலும் மற்றவர் முகம் சுளிப்பார். அப்படியானால் அந்தப் பெயரை யார் என்று தீர்மானிப்பதைக் கூட்டத்துக்கு முன்பே, சம்பந்தப்பட்ட இருவரிடமும் தனியாகப் பேசி முடித்துவிட வேண்டும். முடிவெடுப்பவர் யார் என்னும் சண்டையை, எந்த முடிவு சரி என்னும் விவாதத்தின் வேடத்தில் 12 பேர் உட்கார்ந்து பார்க்க வேண்டிய தேவை இல்லை. வேறு சில விஷயங்களில் கூட்டத்துக்கு முடிவெடுக்கும் அதிகாரமே இருக்காது. பரிந்துரை மட்டுமே செய்யலாம். அதையும் அப்படியே எழுதிவிடுங்கள். பரிந்துரைதான் கேட்கப்படுகிறது என்று தெரிந்து பேசுபவர்கள் அளவோடு பேசுவார்கள்.

இனி, நிலவர அறிக்கைகள். 14 பேர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் 28 மனித மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால், ஒருவர் மூன்றரை நாள் செய்யும் வேலைக்குச் சமம். அதில் பெரும்பகுதி, ஏற்கெனவே எக்செல் தாளில் இருக்கும் எண்களை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதில் கழிகிறது என்பது உங்கள் நிரலைப் பார்த்தாலே தெரிகிறது. அறிக்கைகளை எழுத்தில் வாங்குங்கள். முன்கூட்டி அனுப்பினாலும் யாரும் படிப்பதில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும், அது உண்மைதான். அமேசான் நிறுவனத்தில் ஜெஃப் பெசோஸ் 2004ஆம் ஆண்டில் மூத்த நிர்வாகிகளின் கூட்டங்களில் பவர்பாயிண்ட் காட்சிகளைத் தடைசெய்து, அதற்குப் பதிலாக முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பைக் கேட்டார். அதிகபட்சம் ஆறு பக்கம் கொண்ட அந்தக் குறிப்பைக் கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரும் அமைதியாக உட்கார்ந்து படிப்பது அங்கே வழக்கமாயிற்று. உங்களுக்கு ஆறு பக்கம் தேவையில்லை. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பக்கம் போதும்: கேள்வி என்ன, தெரிந்த விவரங்கள் எவை, இருக்கும் வழிகள் எவை, குறிப்பை எழுதியவர் எந்த வழியைப் பரிந்துரைக்கிறார், ஏன். முதல் பத்து நிமிடம் படிப்பதற்கு ஒதுக்கிவிட்டால், படிக்காதவர் படித்ததுபோல் பேசுவது நின்றுவிடும். முதல் சில வாரங்களில் அந்த அமைதி சங்கடமாக இருக்கும். யாராவது நகைச்சுவை சொல்லி அதைக் கலைக்க முயல்வார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆட்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். ஒரு குழுவில் இருவர் இருவராகக் கருத்துப் பரிமாறிக்கொள்ளக்கூடிய இணைகளைக் கணக்கிட்டால், ஆறு பேருக்கு 15 இணைகள் வரும். 14 பேருக்கு 91 வரும். கூட்டத்தில் ஆள் கூடக்கூட, பேச்சு கூடுவதைவிட ஒருவரையொருவர் கணித்துப் பேசுவது கூடும். ஒவ்வொரு கேள்விக்கும் முடிவெடுப்பவர், விவரம் அறிந்தவர், முடிவை நிறைவேற்றப்போகிறவர் என்று எடுத்தால் பெரும்பாலும் ஐந்தாறு பேருக்கு மேல் தேறமாட்டார்கள். அவர்களை அந்தந்த நேரத்துக்கு அழைக்கலாம். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு: கூட்டத்துக்கு அழைக்கப்படாதது பதவிக் குறைப்பாகத் தோன்றும். இதை வெறும் அற்பமான கௌரவப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது, ஏனெனில் அறையில் இல்லாதவருக்குத் தம் துறையைப் பாதிக்கும் முடிவைத் தடுக்க வழியில்லாமல் போகும் என்னும் அச்சம் நியாயமானது. எனவே அழைக்கப்படாதவர்களுக்கும் குறிப்பு முந்தைய வாரமே போக வேண்டும். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தரலாம், அது கூட்டத்தில் வாசிக்கப்படும் என்று உறுதியளிக்க வேண்டும். உறுதியளித்தபடி ஓரிரு முறை வாசித்துக் காட்டிவிட்டால், அழைப்புக்காக வருந்துபவர்கள் குறைந்துவிடுவார்கள்.

தலைப்புகளின் வரிசை பற்றி ஒரு சொல் மட்டும். 1957ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் சி. நார்த்கோட் பார்க்கின்சன் ஒரு நிதிக் குழுவை நையாண்டியாகக் கற்பனை செய்து எழுதினார். ஒரு கோடி பவுண்டு செலவாகும் அணு உலைக்கு அந்தக் குழு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் தருகிறது. 350 பவுண்டு செலவாகும் சைக்கிள் கொட்டகையைப் பற்றி 45 நிமிடம் விவாதிக்கிறது. அணு உலை யாருக்கும் புரியவில்லை, கொட்டகை எல்லோருக்கும் புரிகிறது என்பதுதான் காரணம். கற்பனைதான் என்றாலும், கூட்டம் நடத்தியவர் எவரும் இதை மறுக்கமாட்டார். எனவே கடினமான கேள்வியை முதலில் வையுங்கள், எளியதைக் கடைசியில் வையுங்கள். முடிந்தால் எளியதைக் கூட்டத்துக்கே கொண்டுவராமல் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

இளையவர்கள் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதை அவர்களுடைய கூச்சமாகப் பார்த்தால், “எல்லோரும் தாராளமாகப் பேசலாம்” என்று சொல்வதோடு நின்றுவிடுவோம். அந்த வாக்கியத்தால் யாரும் பேசத் தொடங்கியதை நான் பார்த்ததில்லை. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனைகளில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய கேள்விக்குக் குழுவில் மற்றவர்கள் அனைவரும் திட்டமிட்டுத் தவறான விடை சொன்னபோது, கண்ணெதிரே தெரிந்ததை விட்டுவிட்டு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் குழுவின் பக்கமே சாய்ந்தன. ஆனால் இன்னொருவராவது சரியான விடையைச் சொன்னபோது அந்தச் சாய்வு பெருமளவு குறைந்தது. கோட்டின் நீளத்திலேயே இப்படி என்றால், மேலாளரின் திட்டம் நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள். பேசாமல் இருப்பதால் வரும் இழப்பும் சிறியதல்ல. கரோல்ட் ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வு, குழுவினர் எல்லோருக்கும் முன்பே தெரிந்த தகவல்களைப் பற்றியே பேசி, ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவலை வெளிக்கொணரத் தவறுவதால் சிறந்த தேர்வைக் கோட்டைவிடுவதைக் காட்டியது. உங்கள் நிறுவனத்தில் இயந்திரம் எந்த நேரத்தில் நிற்கிறது, எந்தச் சரக்கில் குறை அதிகம் வருகிறது என்பதெல்லாம் அநேகமாக அந்தப் பேசாத இளையவர்களுக்கு மட்டும் தெரிந்தவையாகவே இருக்கும்.

ஆகவே பேசும்படி ஊக்குவிப்பதைவிடப் பேசும் முறையை மாற்றுங்கள். குறிப்பைப் படித்து முடித்ததும், விவாதம் தொடங்குவதற்கு முன், ஒவ்வொருவரும் தம் விடையை ஒரே வரியில் தாளில் எழுதட்டும். பின்னர் பதவியில் இளையவர் முதலில் வாசிக்க, வரிசையாக மூத்தவர்கள் வாசிக்க வேண்டும், நீங்கள் கடைசியில். எழுதிவிட்ட விடையை மற்றவர் முகத்தைப் பார்த்து மாற்றிச் சொல்வது கடினம். எதிர்க் கருத்துள்ள இன்னொருவர் இருக்கிறார் என்பதும் அப்போதே வெளிப்பட்டுவிடும். எல்லோருடைய வரியும் ஒன்றாகவே இருந்தால் மகிழ்வதற்கு முன் சற்று யோசியுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் ஸ்லோன், ஒரு முக்கிய முடிவில் அனைவரும் ஒருமனதாக இருப்பதைக் கண்டு, மாற்றுக் கருத்து உருவாகவும் அந்த முடிவு எதைப் பற்றியது என்று புரிந்துகொள்ளவும் அவகாசம் தரும் பொருட்டு அதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்ததாக மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் பதிவு செய்திருக்கிறார். வாராவாரம் அப்படிச் செய்யத் தேவையில்லை. திரும்பப் பெற முடியாத பெரிய முடிவுகளுக்கு மட்டும் இந்த வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம்.

அதிகம் பேசும் இரண்டு மூன்று பேரைப் பற்றியும் கேட்டிருக்க வேண்டும், நீங்கள் கேட்கவில்லை. அவர்களை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்த முயலாதீர்கள். ஒருவர் சொன்னதையே மூன்றாவது முறை சொல்கிறார் என்றால், தாம் சொன்னது கேட்கப்பட்டதா என்னும் ஐயம் அவருக்கு இருக்கிறது. அவர் கருத்தைத் திரையில் எல்லோரும் பார்க்கும்படி ஒரு வரியாகத் தட்டச்சு செய்து, “இதுதானே நீங்கள் சொல்வது?” என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடும்.

கூட்டக் குறிப்புக்கு வருகிறேன். முடிவுகள் திரும்பி வருவதற்கு, முடிவெடுப்பவர் யார் என்ற குழப்பத்துக்கு அடுத்த காரணம் இதுதான். கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்து ஒருவர் நினைவிலிருந்து எழுதி அனுப்பும் நான்கு பக்கக் குறிப்பை யாரும் படிப்பதில்லை. படித்தவரும் தமக்கு நினைவிருப்பதோடு அது பொருந்தாவிட்டால் ஏற்பதில்லை. யார் என்ன பேசினார் என்பதை எழுதவே வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் எடுத்த முடிவு, அதற்கான காரணம், கைவிடப்பட்ட வழி, அதைக் கைவிட்ட காரணம், செய்ய வேண்டியவர், முடிக்க வேண்டிய தேதி ஆகியவற்றை அறையிலேயே திரையில் எழுதி, அடுத்த கேள்விக்குப் போகும் முன் உரக்க வாசித்துவிட வேண்டும். கைவிட்ட வழியை எழுதுவது வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் அடுத்த வாரம் அதே யோசனையுடன் ஒருவர் வரும்போது, “இதைச் சென்ற வாரம் பார்த்தோம், இந்தக் காரணத்துக்காக விட்டோம், அந்தக் காரணம் இப்போது மாறியிருக்கிறதா?” என்று கேட்க அதுவே உதவும். மாறியிருந்தால் மறுபரிசீலனை செய்வதுதான் முறை. மாறவில்லை என்றால் அவரே அமர்ந்துவிடுவார். பொறுப்பைத் துறையின் பெயரில் எழுதாதீர்கள். ‘கொள்முதல் பிரிவு பார்க்கும்’ என்று எழுதிய வேலை கிணற்றில் போட்ட கல்தான். ஒருவருடைய பெயர் வேண்டும், அவர் அறையில் இருந்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

நண்பர்கள் சொன்ன இரண்டு யோசனைகளுக்கும் இடம் உண்டு, ஆனால் உங்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தில் அல்ல. நின்றபடி நடத்தும் கூட்டத்தைப் பற்றி 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உட்கார்ந்து நடத்தியவை நின்று நடத்தியவற்றைவிட 34 சதவீதம் அதிக நேரம் எடுத்தன; முடிவுகளின் தரத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் அங்கே ஐந்து பேர் கொண்ட சிறு குழுக்களுக்கு ஒரே ஒரு பணி தெளிவாகக் கொடுக்கப்பட்டிருந்தது. எது கேள்வி என்றே தெரியாத 14 பேரை நிற்க வைத்தால் கால் வலியோடு அதே குழப்பம் தொடரும். நெடுநேரம் நிற்க இயலாதவர்களை அது வெளியேற்றியும் விடும். அன்றாட வேலைப் பங்கீட்டுக்குத் தொழிற்கூடத்தில் பத்து நிமிடம் நின்று பேசுவது நல்ல வழக்கம். மின்னஞ்சலைப் பொறுத்தவரை, தகவல் தெரிவிக்கவும் ஒப்புதல் பெறவும் அது போதும். இரண்டு துறைகளின் நலன்கள் மோதும் விஷயத்தை மின்னஞ்சலில் தீர்க்க முயன்றால், ஒவ்வொரு மடலுக்கும் நகல் பெறுவோர் கூடிக்கொண்டே போவார்கள். இறுதியில் எல்லோரும் ஒரு கூட்டத்தில்தான் சந்திப்பார்கள், கோபத்தோடு. இணையவழியில் கலந்துகொள்பவர்கள் சிலரும் அறையில் சிலருமாக நடக்கும் கூட்டத்தில், தொலைவில் இருப்பவர்களை முதலில் பேச விடுவதைத் தவிர வேறு தந்திரம் எதுவும் எனக்குப் பெரிதாகப் பயன்பட்டதில்லை.

நிர்வாக இயக்குநரின் வருகையைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், இதுவரை சொன்னவற்றைச் செய்யாமல் அதைச் சரிசெய்ய முடியாது என்பதுதான். அவர் பாதியில் வந்து முதலிலிருந்து கேட்பது உங்கள் கூட்டத்தைக் குலைக்க வேண்டும் என்பதற்காக இருக்காது. அந்த அறையில் எடுக்கப்படும் முடிவுகளில் எது தம்முடையது, எது உங்களுடையது என்பது அவருக்கும் தெரியவில்லை. தெரியாதபோது எல்லாவற்றையும் தம்முடையதாகக் கருதுவது உரிமையாளருக்கோ தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கோ இயல்பு. கடந்த இரண்டு மாதக் கூட்டங்களில் வந்த கேள்விகளைப் பட்டியலிட்டு எடுத்துக்கொண்டு, வேறொரு நாளில் அவரைத் தனியாகச் சந்தியுங்கள். “கூட்டத்தில் குறுக்கிடாதீர்கள்” என்னும் வேண்டுகோளாக அது அமையக் கூடாது. ஒவ்வொரு கேள்வியையும் காட்டி, “இதைத் தாங்களே முடிவு செய்ய விரும்புகிறீர்களா, நாங்கள் முடிவு செய்து தெரிவித்தால் போதுமா?” என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவான கேள்விகளையே அவர் தம்மிடம் வைத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். அவர் வைத்துக்கொண்டவற்றைக் கூட்டத்தின் முதல் அரை மணி நேரத்தில், அவர் வரக்கூடிய நேரத்தில், அவர் பெயருடன் வையுங்கள். மற்ற நேரத்தில் அவர் உள்ளே வந்தால், நடந்துகொண்டிருக்கும் கேள்வி எது, முடிவெடுப்பவர் யார், பேச்சு எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டுத் தொடருங்கள். பெயர் எழுத்தில் இருப்பதால் அவரும் பெரும்பாலும் கேட்டுக்கொண்டு அமர்வார்.

இவை எல்லாவற்றையும் அடுத்த திங்களே தொடங்கிவிடாதீர்கள். புதிய முறை என்று அறிவிக்கவும் வேண்டாம். முதல் வாரத்தில் ஏழு தலைப்புகளுள் கொள்முதலை மட்டும் கேள்வியாக எழுதி, பெயர் சேர்த்து, ஒரு பக்கக் குறிப்புடன் நடத்துங்கள். மற்றவை பழையபடியே போகட்டும். நிர்வாக இயக்குநரைச் சந்தித்த பிறகு இன்னும் இரண்டைச் சேர்க்கலாம். இரண்டு மாதம் கழித்துக் கூட்டக் குறிப்புகளை எடுத்துவைத்து, புதிய காரணம் எதுவுமின்றித் திரும்பி வந்த முடிவுகள் எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை குறையவில்லை என்றால், அந்த முடிவுகளுக்கு எதிரே எழுதப்பட்ட பெயர்களைப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள். அநேகமாக, பெயரை எழுதியும் அதிகாரத்தை இன்னும் கொடுக்காத இடங்களாக அவை இருக்கும்.